உல்லன் நூலும் நிவேதாவின் ரெக்கார்டும்

"இந்த ரீடிங்கை எல்லாம் வீட்டுல உக்காந்து எழுதுனியாம்மா?" என்று பேராசிரியர் நிவேதாவிடம் கேட்டார். அவள் இரண்டாம் ஆண்டு மாணவி. திருவாதவூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவள். ரெக்கார்டில் அவர் கையெழுத்து இல்லாவிட்டால் இரண்டு நாளில் வரும் பிராக்டிகல் தேர்வுக்கு உட்கார முடியாது.

மதுரையில் ஒரு மகளிர் கல்லூரியின் இயற்பியல் லேபில் நான் உதவியாளர். அவள் செய்த சோதனையில் நூலின் ஒரு முனையை வைப்ரேட்டரில் கட்டி, மறுமுனையைக் கப்பி வழியாக இறக்கி எடை தொங்கவிடுவோம். நூல் இடையிடையே உப்பி, லூப் லூப்பாக நின்று அதிரும். எடையை லூப் நீளத்தின் வர்க்கத்தால் வகுத்தால் எல்லா வரியிலும் ஏறக்குறைய ஒரே எண் வரவேண்டும்.

அவள் நோட்டை வாங்கிப் பார்த்தேன். எடை கூடக்கூட அந்த எண் சீராக இறங்கிக்கொண்டே போனது. வீட்டில் உட்கார்ந்து எழுதியிருந்தால் ஒரே எண்ணாக எழுதியிருப்பாள்; அசட்டையாக அளந்திருந்தால் மேலும் கீழுமாக அல்லவா வரும்? எனக்கு நூல்மேல் சந்தேகம் வந்தது. பழைய நூலை எலி கடித்துவிட்டதால், பின்வரிசைக்கும் தெரியட்டும் என்று மஞ்சள் உல்லன் நூல் வாங்கிக் கட்டியது நான்தான்.

ஒரு மீட்டர் இடைவெளியில் இரண்டு பேனாக் குறி வைத்து எடையைத் தொங்கவிட்டேன். குறிகள் நாலு விரல் விலகிவிட்டன. நூல் நீண்டு மெலிந்தால் கணக்கு எப்படி நிற்கும்?

"சார், அந்தப் பிள்ளை மேல தப்பில்ல. நான் வாங்குன நூலு இழுபடுது."

அவர் குனிந்து குறிகளைப் பார்த்தார். "நாளைக்கு வேற நூல்ல செய்யட்டும். பாத்துட்டுச் சொல்றேன்."

அன்று சாயங்காலமே செல்லூரில் தறி வைத்திருக்கும் தெரிந்தவரிடம் போனேன்.

"எம்புட்டு வெயிட் தாங்கணும்?" என்றார்.

"நூறு கிராம் போதும்ணே. ஆனா நீளவே கூடாது. லேசா, ஒரே பருமனா இருக்கணும்."

தறியில் பூ விழச் செய்கிற ஜக்கார்டு பெட்டிக்குக் கட்டுகிற நூலில் மெல்லிசாக ஒன்றை எடுத்துத் தந்தார். "இதக் கொண்டு போங்க. இது நீண்டுச்சுன்னா சேலையில பூவு கோணிப் போயிரும்."

மறுநாள் காலை நிவேதா ஐந்து எடைகளுக்கு அளந்தாள். ஐந்து வரியிலும் எண் ஒன்றுபோலவே வந்தது. பேராசிரியர் கையெழுத்துப் போட்டுவிட்டு, "நேத்து நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாதும்மா" என்றார். அவள் ஸ்டூலில் உட்கார்ந்து ஒரு பாட்டில் தண்ணீர் முழுவதையும் குடித்து முடித்தாள். எனக்கும் அப்போதுதான் மூச்சு வந்தது.

லேபுக்குப் புதிதாக வருகிறவர்களே, நூல் எடுப்பாகத் தெரியவேண்டும் என்று நிறம் பார்க்காதீர்கள். வெள்ளை நூலுக்குப் பின்னால் கறுப்புச் சார்ட் ஒட்டினால் போதும். முதலில் எடை தொங்கவிட்டு, நீள்கிறதா என்று பாருங்கள். தவறு உங்களுடையது என்று தெரிந்தால் அன்றைக்கே சொல்லிவிடுங்கள். நான் இரண்டு நாள் வாய் திறக்காமல் இருந்திருந்தால், அந்தப் பெண் தேர்வையே விட்டிருப்பாள்.