அக்காவுக்குத்தான் மூக்கு சரியில்லை

கடலூர்ப் பக்கம் கல்யாணச் சமையலுக்கு ராஜமாணிக்கத்தைப் பேசுகிறவர்களுக்கு ஒரு விஷயம் தெரிந்திருக்கும். சாமிக்கு முதல் இலை படைத்து முடிகிறவரை மாஸ்டர் ஒரு சொட்டும் நாக்கில் வைக்க மாட்டார். குண்டானுக்கு மேல் குனிந்து, கண்ணை மூடி, ஒரு மூச்சு இழுப்பார். புளி பச்சையாக நிற்கிறது, இன்னும் கொதிக்கட்டும் என்பார். அவ்வளவுதான். உப்புகூட மூக்கிலேயே தெரியும் என்று அவன் நம்பிக்கொண்டிருந்தான். அவனுடைய அக்கா சௌந்தரம் அதை ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள்தான், ஆனால் தம்பியின் பெருமையைச் சொல்ல ஆரம்பித்தால் நிறுத்தற்குறி கிடையாது.

அந்த மூக்குதான் ஆடி மாதத்தில் ஒரு சளிக்குப் பிறகு வேலை செய்வதை நிறுத்திவிட்டது. ராஜமாணிக்கம் யாரிடமும் மூச்சு விடவில்லை. ஒருநாள் சௌந்தரம் அடுப்பில் பாலை வைத்துவிட்டுக் கொல்லைப்பக்கம் போய் வந்தாள். பால் பொங்கி, தீய்ந்து, வீடே நாறியது. அடுப்புக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து தம்பி நிம்மதியாகப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தான். அவளுக்கு அன்றைக்குத்தான் விஷயம் தெரிந்தது.

அதற்குப் பிறகு அவன் போன சமையல்கட்டுக்கெல்லாம் அவளும் போனாள். அக்காவுக்கு வீட்டில் பொழுது போகவில்லை என்று ஆட்களிடம் சொல்லி வைத்திருந்தான். குண்டானுக்கு அந்தப் பக்கம் அவள் நிற்பாள். பக்குவம் சரியென்றால் முந்தானையைச் சரி செய்வாள், சரியில்லையென்றால் இருமுவாள். ஒரு தடவை மிளகாய் நெடிக்கு அவள் நிஜமாகவே இரும, அவன் ரசத்தைக் கொதிக்க விட்டு, கொதிக்க விட்டுப் பாதியாக்கிவிட்டான். இனிமேல் டாக்டர்தான் என்று அன்று இரவே சௌந்தரம் முடிவு செய்தாள்.

கடலூரில் மூக்கு டாக்டர்கள் இல்லாமல் இல்லை. ஆனால் சமையல்காரன் ஒருவன் மூக்கு டாக்டர் வீட்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தால் சாயங்காலத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிடும் என்று அவனுக்குப் பயம். சிதம்பரத்தில் தன்னை யாருக்கும் தெரியாது, அங்கே போகலாம் என்றான். பக்கத்து வீட்டுக்காரி ஒரு டாக்டரின் விலாசம் கொடுத்தாள். பஸ்ஸில் போகும்போதே சௌந்தரம் அவனுக்குப் பாடம் நடத்தினாள். எப்போது ஆரம்பித்தது, எந்த மாத்திரை சாப்பிட்டாய், எதுவும் விடக்கூடாது, வெட்கப்படக் கூடாது என்றாள். நல்ல பிள்ளையாகத் தலையாட்டிக்கொண்டே வந்தான்.

அவர்கள் முறை வந்தது. கதவைத் திறந்ததுமே டாக்டர் செந்தமிழ்செல்வன் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

"அட, மாஸ்டரா? வாங்க, வாங்க."

போன மாதம் கடலூரில் ஒரு நிச்சயதார்த்தத்துக்கு ராஜமாணிக்கம்தான் சமைத்திருந்தான். அவனைப் பேசியது மாப்பிள்ளை வீட்டார். பெண்ணின் அப்பா பட்டு வேட்டியோடு பந்தியில் உட்கார்ந்து ரசத்தை இரண்டு தரம் கேட்டு வாங்கினார். அவர் டாக்டர் என்பதோ, அதிலும் மூக்குக்கு டாக்டர் என்பதோ இவர்களுக்கு எப்படித் தெரியும்? தை மாதக் கல்யாணத்துக்கும் சமையல் இவனுடையதுதான். எண்ணூறு இலை. அவ்வளவு பெரிய வேலை அவனுக்கு அதுவரை வந்ததில்லை.

என்ன விஷயமாக வந்தீர்கள், மெனுவில் ஏதாவது மாற்றமா என்று டாக்டர் கேட்டார். சௌந்தரம் வாயைத் திறப்பதற்குள் தம்பி முந்திக்கொண்டான்.

"அக்காவுக்குத்தான் டாக்டர். மூக்கு சரியில்ல. ஒரு வாசனையும் தெரிய மாட்டேங்குது."

அவள் பிறந்ததிலிருந்து அவள் மூக்கைப் பற்றி யாரும் அப்படிச் சொன்னதில்லை. பஸ்ஸில் அவள் சொல்லிக்கொடுத்த அத்தனையையும் ஒன்று விடாமல் அவள் பெயரிலேயே அவன் ஒப்பித்தான். ஆடியில் சளி பிடித்தது, என்னென்ன மாத்திரை, எல்லாம் வந்தது. கடைசியில், "பால் தீஞ்சாகூடத் தெரியாம பக்கத்துலயே உக்காந்திருக்காங்க டாக்டர்" என்று வருத்தத்தோடு தலையை வேறு ஆட்டினான். அவளுக்கு அதுதான் ரொம்ப எரிந்தது.

டாக்டர் விளக்கைப் பிடித்து அவள் மூக்கில் இரண்டு பக்கமும் பார்த்தார். உள்ளே சுத்தமாக இருக்கிறதே என்று யோசித்தார். பிறகு அவளைக் கண்ணை மூடச் சொல்லி, ஒரு சின்ன பாட்டிலைத் திறந்து மூக்குக்கு நேரே நீட்டினார்.

சௌந்தரம் வாயைத் திறந்தால் தம்பியின் குட்டு உடையும், கல்யாணச் சமையல் கைவிட்டுப் போகும். திறக்காவிட்டால் மருந்து இந்த மூக்குக்கு எழுதுவார்கள். இந்த மூக்குக்கு மருந்து விட்டால் அந்த மூக்கு எப்படிச் சரியாகும்? வாசனை வேறு சும்மா இருக்க விடவில்லை.

"காப்பித்தூளு" என்றாள். "சிக்கரி ஜாஸ்தி."

டாக்டர் அவளைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். மேஜையிலிருந்து இன்னொரு பாட்டிலை எடுத்து, நீங்கள் பாருங்கள் மாஸ்டர் என்று நீட்டினார். ராஜமாணிக்கம் கண்ணை மூடி, கல்யாண வீடுகளில் பெயர் பெற்ற அந்த மூச்சை இழுத்தான். பழக்க தோஷத்தில் ஒரு கண்ணை மட்டும் திறந்து அக்காவைப் பார்த்தான். அவள் முந்தானையைத் தொடவில்லை, இருமவும் இல்லை.

"கிராம்பு எண்ணெ" என்றான். "கொஞ்சம் பழசு."

டாக்டர் பாட்டிலை மேஜைமேல் கவிழ்த்தார். ஒன்றும் விழவில்லை.

"கழுவி வச்ச பாட்டிலு மாஸ்டர்."

ராஜமாணிக்கம் தலையைக் குனிந்துகொண்டு, கல்யாணத்துக்கு வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள், நல்ல ஆளாக நானே சொல்கிறேன் என்றான். அவன் குரல் அப்படி இறங்கி அவள் கேட்டதில்லை.

"இரு தம்பி" என்றாள் சௌந்தரம். "டாக்டர், நிச்சயதார்த்தத்தன்னைக்கே இவனுக்கு மூக்கு கெடயாது. ரசத்த ரெண்டு தரம் கேட்டு வாங்குனீங்க இல்ல?"

"அப்ப அது யாரு மூக்கு?"

"எம் மூக்குதான். கையி அவன்து."

டாக்டருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "மொதல்ல ரெண்டு பேரும் நாற்காலிய மாத்தி உக்காருங்க" என்றார்.

அவன் மூக்குக்குள் இரண்டு பக்கமும், உரித்த திராட்சை மாதிரி சதை வளர்ந்திருந்தது. மூக்கில் அடிக்க ஸ்ப்ரேயும் மாத்திரையும் எழுதினார். மூன்று வாரத்தில் சுருங்காவிட்டால் சின்னதாக ஒரு ஆபரேஷன். அநேகமாக வாசனை திரும்பிவிடும், ஆனால் சத்தியம் செய்து கொடுக்க முடியாது என்றார். சமையலுக்கு ஆளை மாற்றப் போவதில்லை. ஆனால் மூக்கு சரியாகிறவரை நாக்கில் வைத்துப் பார்க்காமல் எதையும் பரிமாறக் கூடாது. உப்பு நாக்குக்குத்தான் தெரியும், எந்த மூக்குக்கும் தெரியாது என்றார்.

"படைக்கிறதுக்கு முன்னாடியா?" என்று ராஜமாணிக்கம் பதறினான்.

"சாமிக்குன்னு ஒரு கரண்டி தனியா எடுத்து மூடி வச்சிருங்க. அப்புறம் ருசி பாருங்க."

இது ஏன் இத்தனை நாள் நமக்குத் தோன்றவில்லை என்று அக்காவும் தம்பியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

மூன்று வாரம் கழித்து மறுபடியும் சிதம்பரம் பஸ். முதுநகரில் ஒரு அம்மா சாக்கு போட்டு மூடிய கருவாட்டுக் கூடையோடு ஏறினாள். கண்டக்டர் முணுமுணுத்தார். சௌந்தரமும் மற்றவர்களோடு சேர்ந்து முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். திரும்பிப் பார்த்தால் பக்கத்தில் தம்பி இல்லை. ஜன்னலோர சீட்டை விட்டு எழுந்துபோய்க் கூடைக்கு மேல் குனிந்து நின்றுகொண்டிருந்தான்.

"நெத்திலியாம்மா?"

"வாளை."

அவன் கண்ணை மூடி இன்னொரு மூச்சு இழுத்தான்.

"நெத்திலி மாதிரிதான் தெரியுது" என்றான் அக்காவைப் பார்த்து. அவன் கண் கலங்கியிருந்தது.

"தெரியுது இல்ல, அது போதும்" என்றாள் அவள், முந்தானைக்குள்ளிருந்தே. "வந்து உக்காரு."

அவன் வரவில்லை. ஆலப்பாக்கம் தாண்டியும் கம்பியைப் பிடித்தபடி கூடைப் பக்கத்திலேயே நின்றான். கூடைக்காரிக்குப் பொறுமை போய்விட்டது.

"இன்னாய்யா, வாங்குறியா, இல்ல சும்மா மோந்துகினே வரப் போறியா?"