நீக்கிலாஸ் முதலாளியின் அறுபத்திரண்டு துண்டுகள்

நீக்கிலாஸ் முதலாளியிடம் துண்டுச் சீட்டில்லாமல் ஒரு கொடுக்கல் வாங்கலும் நடக்காது. இலங்கையில், மன்னார்க் கரையில் கடை வைத்திருந்தவர். பெற்ற தாய்க்கு அரிசி அளந்தாலும் துண்டில் எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுவார் என்று ஊரில் பகிடி பண்ணுவார்கள். கடற்படைக்காரர் வந்து ரோந்துப் படகுகளுக்கு டீசலும் கயிறும் அரிசியும் கேட்டபோது மறுக்க வழியில்லை, கொடுத்தார். ஆனால் ஒவ்வொரு முறையும் அதிகாரியிடம் துண்டு வாங்கினார். மேலிடத்திலிருந்து காசு வரும், வரும் என்றே இரண்டு வருடம் போனது.

1985 கார்த்திகையில் அந்த அறுபத்திரண்டு துண்டுகளும் அவருடன் டென்மார்க் வந்து சேர்ந்தன. உடுப்பைக் குறைத்து அவற்றைக் கொண்டுவந்திருந்தார், பாவி மனிதர். சில்க்போர்க்குக்குப் பக்கத்தில் அகதிகளை வைத்திருந்த பழைய விடுதியில் அவருக்கு ஒரு கட்டில் கிடைத்தது. இருக்கவிட்டால் மனைவி மேரிகிறேஸையும் மூன்று பெண்பிள்ளைகளையும் கூப்பிடலாம். திருப்பி அனுப்பினால் எல்லாம் போச்சு. அதற்கான பொலிஸ் விசாரணையை நினைத்து நினைத்து அவருக்குச் சோறு இறங்கவில்லை.

பக்கத்துக் கட்டில் பாலேந்திராவிடம் துண்டுகளைக் காட்டினார்.

“அண்ணை, இதை வெளியில எடுக்காதேங்கோ. நேவியோட சேர்ந்து நிண்ட ஆள் எண்டு நினைப்பாங்கள். அவங்கள் உங்களைப் பிடிச்சு அடைச்சதை மட்டும் சொல்லுங்கோ.”

“வாயால சொன்னா ஆர் தம்பி நம்புவான்? துண்டு இருந்தா நம்புவான்.”

நல்ல புத்தி ஏறாத தலை. மறுநாள் விசாரணை அறையில் துண்டுகளைத் திகதி வாரியாக மேசையில் அடுக்கிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். பொலிஸ்காரர் பொறுமையானவர், கோப்பி கூட ஊற்றிக் கொடுத்தார். மொழிபெயர்க்க வந்தவர் சென்னைக்காரர்.

“ரெண்டு வருஷமா உங்ககிட்டதான் சாமான் வாங்கியிருக்காங்க. அப்போ அவங்களோட உங்களுக்கு நல்ல பழக்கம்தானேன்னு கேக்கறார்.”

“காசு தரேல்லையே ஐயா! கேக்கப் போனதுக்குத்தான் பிடிச்சு அடைச்சவங்கள். பதினொரு நாள்.”

சென்னைக்காரர் நீளமாக ஏதோ சொன்னார். பொலிஸ்காரர் தலையாட்டி எழுதினார்.

“பணப் பிரச்சினையாலதான் ஊரை விட்டு வந்தீங்கன்னு எழுதிக்கறார். சரியா?”

“இல்லை ஐயா, இல்லை! என்னை அடிச்சவங்கள். திரும்பிப் போனா விடமாட்டாங்கள்.”

“அதுக்கு ஏதாவது காகிதம் இருக்கான்னு கேக்கறார்.”

பாலேந்திரா சொன்னதைக் கேட்காமல் போனோமே என்று நீக்கிலாஸ் நினைத்தார். விரலால் ஒரு துண்டின் அடியிலிருந்த கையெழுத்தைத் தொட்டுக் காட்டினார்.

“இவன்தான் ஐயா. கையெழுத்து வைச்சவன்தான் அடிச்சவன்.”

பொலிஸ்காரர் அதை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். சென்னைக்காரரும் குனிந்து படித்தார்.

“இதுல அரிசி நாப்பது கிலோன்னு மட்டும்தான் போட்டிருக்கு,” என்றார்.