தேயாத பிக்

கித்தார் கம்பியை மீட்டும் பிளாஸ்டிக் பிக் ஒன்று வாங்கினால் அதன் மேல் மாதத்தின் பெயரை மார்க்கர் பேனாவால் எழுதிவைப்பது என் வழக்கம். எது எவ்வளவு நாள் உழைக்கிறது என்று தெரிய வேண்டுமே. தைப்பூசத்துக்கு வாங்கியது ஆடிக்குள் ஒரு தோள் சரிந்து, சவர்க்காரத் துண்டு போல ஆகிவிடும். அதற்கு வெகு முன்பே என் கட்டைவிரல் எழுத்தை அழித்திருக்கும்.

அதனால் தீபாவளிக்கு முன் சுங்கைப்பட்டாணி கடையில் கனமான பிக்காகக் கேட்டேன். கடை முதலாளியான சீனத் தவுக்கே மேசைமேல் ஒரு பொட்டலத்தைத் தட்டிவைத்து, "இனி தஹான் லாமா, அங்கிள்," என்றார். நெடுநாள் தாங்கும் என்று பொருள். மெல்லியதை வாங்கினால் வளைந்து விரிசல் விடும்; இதுவோ நகம் போல விறைப்பாக இருந்தது. ஒன்றில் ஐப்பசி என்று எழுதி நான் வைத்துக்கொண்டேன். இன்னொன்றிலும் அதையே எழுதி எங்கள் குழுவின் தம்பிக்குக் கொடுத்தேன்.

குழு என்றால் மூன்று பேர். பாட ஓர் அக்கா, தாளக்கட்டுக்கு நான், தனி இசைக்குத் தம்பி. தம்பிக்கு முப்பத்தைந்து வயதிருக்கும், தொழிற்சாலையில் டெக்னீஷியன். பாக்கார் ஆராங்கில் உள்ள அவன் வீட்டில்தான் ஞாயிறுதோறும் பயிற்சி. புக்கிட் செலம்பாவிலிருந்து நான் மோட்டார்சைக்கிளில் போவேன். அவன் உள்ளங்கையைக் கித்தாரில் கம்பிகள் முடியும் பாலத்தில் ஊன்றி, பிக்கின் நுனியை மட்டும் வெளியே விட்டு, கீழே ஒன்று மேலே ஒன்று என்று மணிக்கட்டை மட்டும் அசைத்து வாசிப்பான். எனக்கு வீச்சு முழங்கையிலிருந்து வர வேண்டும்.

"அண்ணே கித்தாரா வாசிக்கிறாரு? லாலாங் புல்லு வெட்டுறாருக்கா," என்பான் அக்காவிடம்.

"வெட்டட்டும்லா. அந்தச் சத்தம் இருந்தாத்தான் எனக்குத் தைரியம்," என்பார் அக்கா.

தை மாதம் என் தங்கை மகள் பத்திரிகை கொண்டுவந்தாள். வைகாசியில் கல்யாணம். "மாமா, சாயங்காலம் விருந்துல நான் உள்ள நடந்து வரும்போது நீங்கதான் வாசிக்கணும். ரெக்கார்ட் போட்டீங்க, நான் வாசல்லயே நிப்பேன்," என்றாள். தாய்மாமன் சீர் வேறு, இது வேறு. இது அவளாகக் கேட்டது. அன்றே ஒப்புக்கொண்டேன்.

பங்குனியில் ஒரு ஞாயிறு, பயிற்சிக்கு நடுவில் என் பிக் கையிலிருந்து நழுவி விழுந்தது. அந்த மாதத்தில் அது முதல் முறை அல்ல. வியர்வை என்றேன். மோட்டார்சைக்கிள் அதிர்வில் விரல் மரத்திருக்கிறது என்றும் சொன்னேன். பேச்சை மாற்ற, குனிந்து எடுத்த பிக்கைத் தம்பியிடம் காட்டினேன்.

"பாத்தியா, எப்படி உழைக்குது? இன்னும் புதுசு மாதிரி."

"என்னோடது பாதி போச்சுண்ணே," என்று சிரித்தபடி அவன் தன்னுடையதைப் பக்கத்தில் வைத்தான்.

ஒரே பொட்டலம், ஒரே நாள். மெல்ல வாசிக்கும் அவனுடையது முனை மழுங்கி உருண்டிருந்தது, எழுத்தும் போய்விட்டது. லாலாங் வெட்டுகிற என்னுடையதில் முனை கூராக நின்றது. ஐப்பசி என்று முழுதாகப் படிக்க முடிந்தது. தம்பியின் சிரிப்பு நின்றது. அக்கா என்னைப் பார்க்காமல் சொன்னார்: "கொஞ்ச நாளாவே உங்க சத்தம் எனக்கு வரல. ஸ்பீக்கர் கோளாறுன்னு நெனச்சேன்."

எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பார்கள். என் கை அத்தனை மாதம் ஊரியும் ஒரு பிளாஸ்டிக் துண்டு தேயவில்லை. தவுக்கேயின் சரக்கு உறுதியானது என்று நான் பெருமைப்பட்டுக்கொண்டிருந்த நாளெல்லாம் என் விரல்கள் அதை அழுத்தவே இல்லை.

அதன்பின் எதைத் தொட்டாலும் சோதனையாகிவிட்டது. சட்டைப் பொத்தான், வீட்டுச் சாவி, காசு. கண்ணை மூடிக்கொண்டு சில்லறையைத் தடவுவேன். ஐம்பது காசா இருபதா என்று தெரியாது. பக்கவாதத்தின் தொடக்கமோ என்று நினைப்பேன். கடைசியில் மனைவிதான் கிளினிக்குக் கூட்டிப்போனாள். மணிக்கட்டில் நரம்பு அழுந்தியிருப்பது போலத் தெரிகிறது, பெரிய ஆஸ்பத்திரியில் பார்க்க வேண்டும் என்றார் டாக்டர். கட்டைவிரலிலும் அடுத்த இரண்டிலும் உணர்ச்சி குறைந்திருந்தது. "சுண்டுவிரலுக்கு வேற நரம்பு. அது நல்லா இருக்கு," என்றார். எனக்கு அது ஆறுதலாகப் படவில்லை. சுண்டுவிரலால் யார் பிக் பிடிக்கிறார்கள்? ஆஸ்பத்திரி கொடுத்த நாளோ கல்யாணத்துக்குப் பிந்திய வாரம்.

தம்பி விடவில்லை. முதலில் பிக் இல்லாமல் விரலால் மீட்டச் சொன்னான். கம்பி எங்கே இருக்கிறதென்று விரலுக்கே தெரியவில்லை. பிறகு மெல்லிய பிக் ஒன்றைக் கொடுத்தான். "கனமான பிக்கு கம்பியில மோதினா வளையாதுண்ணே, உங்க கையத்தான் தள்ளும். இது தானே வளைஞ்சு குடுக்கும். நாள் தாங்காது, பரவால்ல." பிடி நழுவாமலிருக்க, அலுவலகத்தில் காகிதம் துளைக்கும் கருவியால் அதன் நடுவில் ஓர் ஓட்டை போட்டேன். ஓட்டைக்குள் சதை கொஞ்சம் பதிந்தது. முழங்கையைக் கட்டிப்போட்டு மணிக்கட்டால் வாசிக்கப் பழகினேன். நாளும் சிறிது நேரம்தான். கூடினால் விரல் மரத்துவிடும். மாதம் எழுதத் தோன்றவில்லை.

விருந்தன்று மண்டபத்து ஏசி குளிரில் கை இன்னும் மோசமாயிற்று. கக்கத்தில் வைத்துச் சூடாக்கிக்கொண்டேன். கதவு திறந்தது. மருமகள் என்னைத்தான் முதலில் பார்த்தாள், மாப்பிள்ளையை அல்ல. அவள் பாதி தூரம் வருவதற்குள் பிக் விரலிடையே சுழன்று பக்கவாட்டில் திரும்பியது. முனைக்குப் பதில் அதன் அகன்ற தோளால் அடித்தேன். ஒலி மங்கியது. தம்பி என் பக்கம் திரும்பாமலே தன் வாசிப்பைத் தணித்து, தாளத்தை என் கைக்கு விட்டுக்கொடுத்தான். பிக் விழவில்லை. அவள் மேடையேறும் வரை விழவில்லை.

சாப்பாட்டு மேசையில் அந்தப் பிக்கை மனைவியிடம் நீட்டினேன். "முனைய தடவிப் பாரேன். தேஞ்சிருக்கா?"

"சோறு ஆறுது. கண்ணாடி இல்லாம எனக்கு என்ன தெரியும்?"

"கண்ணு வேணாம். தடவு."

தடவினாள். "சொரசொரங்குது. தேஞ்சிருக்கு."

"நெஜமாவா? எனக்காகச் சொல்றியா?"

அவள் என் வலக்கையை இழுத்து, மற்ற விரல்களை மடக்கிவிட்டு, சுண்டுவிரலைப் பிடித்து அந்த முனையில் வைத்தாள். ரம்பத்தின் பல் போல ஏதோ சின்னதாக உறுத்தியது. எடுக்காமல் இன்னொரு தரம் தேய்த்துப் பார்த்தேன்.