கம்பெனிக் கம்பி

தனலெட்சுமிக்கு அப்போது முப்பத்திரண்டு வயது, ஆண்டு 1991. பினாங்குத் தீவில், பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் கம்பிச்சுருள் பிரிவில் வேலை. வீட்டிலும் அவள் கம்பிதான் சுற்றினாள். பந்தயம் விடும் சின்னப் பொம்மைக் கார்களின் மோட்டாரைப் பிரித்து, உள்ளே சுழலும் ஆர்மச்சூரில் இருக்கும் கம்பியை உருவிவிட்டு, அதைவிடத் தடித்த செம்புக் கம்பியைக் கையாலேயே சுற்றுவாள். ஆர்மச்சூரின் மூன்று கைகளிலும் சுற்றுகள் ஒன்றுபோல இறுகவேண்டும். பிசகினால் மோட்டார் உதறும். அவள் சுற்றியது உதறாது. பினாங்கு ரோட்டில் கடை வைத்திருந்த பக்கிரிசாமி அவற்றை வாங்கி விற்றார்.

ஒரு மாலை வேலை முடிந்து வெளியே வரும்போது வாசல் காவலர் அவளை நிறுத்தினார்.

"பேக்கைத் தொறங்க."

சோற்று டப்பாவைக்கூடத் திறந்து பார்த்தார். மறுநாளும் அதேதான். கம்பி காணாமல் போவதாக மேற்பார்வையாளர் நோர்மா, அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

வீட்டில் மோட்டார் சுற்றுவது தொழிற்சாலையில் ஒருத்திக்குத்தான் தெரியும். பஸ்ஸில் பக்கத்தில் உட்காரும் ஆசியா பீவி. "என்ன தனம், உடம்பு சரியில்லையா?" என்று அவள் கேட்டதுகூட வேவு பார்ப்பதாகப் பட்டது. தனலெட்சுமி இடம் மாறி, பின்வரிசையில் போய் உட்கார்ந்தாள்.

பத்தாம் நாள் நோர்மா கூப்பிட்டு ஒரு மோட்டாரை மேசைமேல் வைத்தாள். "என் வீட்டுக்காரர் வாங்கினது. கம்பெனிக் கம்பி, அங்கே வேலை செய்யும் பெண் சுற்றியது என்று கடைக்காரர் சொன்னாராம்" என்றாள் மலாயில்.

தனலெட்சுமி அங்கேயே மோட்டாரைப் பிரித்து, கம்பியை உருவி நீட்டினாள். "அளந்து பாருங்கள்."

தொழிற்சாலைக் கம்பி தலைமுடியைவிட மெல்லியது. இது அதைப்போல ஐந்தாறு மடங்கு தடிமன். நோர்மா இரண்டு தடவை அளந்தாள். பிறகு மன்னிப்புக் கேட்டாள்.

அன்று மாலையே பினாங்கு ரோட்டுக் கடைக்குப் போய்க் கேட்டாள். "சும்மா வெளம்பரத்துக்குச் சொன்னேன்லா, கோவிச்சுக்காதம்மா" என்றார் பக்கிரிசாமி. விற்காமல் கிடந்த மோட்டார்களை அவள் அள்ளிக்கொண்டு வந்துவிட்டாள்.

மறுநாள் பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது ஆசியா பீவியிடம் சொன்னாள். "அக்கா, நீங்கதான் சொல்லிட்டீங்கன்னு நெனச்சேன்."

"தெரியும். நீ போனப்புறம் என் பேக்கையும் தொறந்தாங்க. நீ கம்பியை எடுத்து என் பேக்குல போட்டிருப்பியோன்னு தெனமும் உதறிப் பாப்பேன்."

இருவருக்கும் சிரிப்பு வரவில்லை. பழையபடி பக்கத்தில் உட்கார இரண்டு மாதம் ஆயிற்று. மோட்டார்களை அதன்பின் தனலெட்சுமி நேரடியாகவே விற்றாள். எங்கே வேலை செய்கிறீர்கள் என்று யாராவது கேட்டால் மட்டும் பதில் சொல்லமாட்டாள்.