மேட்டுக்குப் போட்ட துணி

எங்கள் தோட்டத்து லயத்தின் ஓரறை வீட்டு வரிசைக்குப் பின்னால் ஒரு மேடு இருந்தது. காம்பராவின் பின்சுவரிலிருந்து மூன்று எட்டு வைத்தால் அதன் அடி. மழைக்காலத்தில் அதன் ஈரம் சுவருக்குள் இறங்கி, தரைக்கும் வந்துவிடும். நான்காம் காம்பராவில் நாங்கள் மூன்று பேர்: ரப்பர் மலையில் பால் வெட்டும் என் கணவர், நான், எட்டு மாதமான மகள். புளத்கொகுபிட்டியவில் பஸ்ஸை விட்டு இறங்கினால் ஒரு மணி நேரம் மேலே நடக்க வேண்டும். வேறு எங்காவது போய்விடலாமா என்று நான் கேட்டதுண்டு. "வேலையோடதான் காம்பரா. வேலைய விட்டுட்டு எங்க போறது?" என்பார்.

இரத்தினபுரிப் பக்கம் மேடுகள் சரிந்து வீடுகள் மண்ணுக்குள் போன வருடத்துக்கு அடுத்த வருடம், ஒரு லொறியில் கறுப்புத் துணி சுருள் சுருளாக வந்து இறங்கியது. அதைப் போட்டுக் காட்ட ஒரு சிங்கள உத்தியோகத்தர் வந்தார்.

துணி என்றுதான் அவரும் சொன்னார். எனக்குத் தெரிந்த துணிக்கு நீளமும் அகலமும்தான் உண்டு. இதற்குப் பெருவிரல் அளவு தடிப்பும் இருந்தது. மேலே ஒரு வலை, கீழே ஒரு வலை. நடுவே நைலோன் நூல்கள் நெருக்கமாகக் குத்திட்டு நின்று, இரண்டையும் ஒட்டவிடாமல் தாங்கின. அவர் சப்பாத்துக் காலால் மிதித்தார். காலை எடுத்ததும் அது எழும்பிக்கொண்டது. ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினார். மேலே ஒரு துளி தங்கவில்லை. மேட்டில் விரித்து, கம்பி அடித்து, உள்ளே மண் தூவிப் புல் விதைத்தால் நூல்களுக்கிடையே வேர் பின்னிக்கொள்ளும், பிறகு மழை மண்ணை இழுக்காது என்றார். இதே வகைத் துணியைப் பெரிய ஆஸ்பத்திரிகளில் எழும்ப முடியாத நோயாளிகளின் முதுகுக்கடியிலும் போடுவார்களாம், காற்றுப் போய்வர. அதை அவர் பேச்சோடு பேச்சாகச் சொன்னார். நான்தான் அதைப் பிடித்துக்கொண்டேன்.

கல்யாணத்துக்கு முன் பாலர் பாடசாலையில் படிப்பித்தவள், சிங்களமும் வரும் என்பதால், அவர் சொன்னதை லயத்துக்கு எடுத்துச் சொல்லும் வேலை எனக்கு வந்தது. "நங்கி, ஹொந்தட்ட கியன்ட. கபன்ட எபா" என்றார். தங்கச்சி, நன்றாகச் சொல்லுங்கள், வெட்ட வேண்டாம் என்று.

"நல்லாக் கேட்டுக்குங்க" என்றேன். "யாரும் வெட்டக் கூடாதாம். ஆடு கட்டக் கூடாது, ஏறி நடக்கக் கூடாது."

"உடுப்பு காயப் போடலாமா டீச்சர்?" என்றார் மூன்றாம் காம்பரா அக்கா.

"கூடாதுங்க."

"அப்ப தூர நின்னு கும்பிட்டுக்கிறோம்!"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு மட்டும், சரியாகத்தான் சொன்னேனா, ஏதாவது விட்டுப்போனதா என்று அன்று முழுவதும் ஓடிக்கொண்டிருந்தது.

மேடு முழுக்கத் துணி விரித்து அடித்தார்கள், புல்லும் முளைத்தது. வைகாசி மழை தொடங்கியதும் மகளுக்கு மூச்சிழுப்பு வந்தது. கேகாலை ஆஸ்பத்திரியில் மருந்து தந்து, பிள்ளையை ஈரத் தரையில் படுக்க வைக்காதீர்கள் என்றார்கள். எங்களிடம் கட்டில் இல்லை. சாக்கு இரண்டு, பாய், அதன்மேல் என் பழைய சேலை நாலாக மடித்து. காலையில் கையை விட்டுப் பார்த்தால் சேலை வரை ஈரம் ஏறியிருக்கும்.

ஒரு பகல், எல்லோரும் மலைக்குப் போயிருந்தபோது, கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு மேட்டுக்குப் போனேன். இரண்டு சுருள் சேரும் இடத்தில் ஒன்றின்மேல் ஒன்று ஒரு முழம் ஏறிக் கிடந்தது. அங்கே இரட்டையாகத்தானே இருக்கிறது, மேலே இருப்பது போனாலும் கீழே ஒன்று இருக்குமே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மகளின் நீளத்துக்கு அளந்து வெட்டினேன். இழுத்தபோது புல்வேர்கள் ஒவ்வொன்றாக அறுந்தன. அந்தச் சத்தம் கேட்டும் நான் நிறுத்தவில்லை.

கழுவி, காய வைத்து, சேலைக்கு அடியில் போட்டேன். "இது ஏது?" என்றார் கணவர். "மிச்சத் துண்டு" என்றேன். படித்தவள் சொன்னால் சரியாக இருக்கும் என்று விட்டுவிட்டார். இரண்டு மூன்று நாளில் இழுப்பு இறங்கியது. துணியாலா, மருந்தாலா, இடையில் கொஞ்சம் வெயில் அடித்ததாலா என்று எனக்குத் தெரியாது. சேலை மட்டும் காய்ந்தே இருந்தது.

பிறகு நான்கு நாள் விடாத மழை. ஐந்தாம் நாள் காலை, பின்பக்கத்து வடிகால் கானில் தண்ணீர் செம்மண்ணாக ஓடியது. பெண்கள் கூடிவிட்டார்கள். நான் உள்ளே, மகள் தூங்கிக்கொண்டிருந்த இடத்தருகே உட்கார்ந்திருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் பேச்சு தெளிவாகக் கேட்டது.

"பாருங்க, நேரா வெட்டியிருக்கு. அதுக்குள்ளதான் தண்ணி எறங்குது" என்றார் மூன்றாம் காம்பரா அக்கா. "கோழிக்கூட்டுக்கு எடுத்தியா?"

"நானா? என் கோழி மேல சத்தியமா நான் தொடல" என்றார் ஐந்தாம் காம்பரா அக்கா.

"கோழி மேல சத்தியம் பண்ணினா கோழிதான் சாகும். ஒனக்கென்ன? லயமே மண்ணுக்குள்ள போகப் போகுது."

"வந்து கூட்டப் பாரு! வா! எங்க இருக்குன்னு காட்டு!"

வெட்டியது காம்பராவுக்குள் என் மகளின் முதுகுக்கடியில் இருந்தது. அதை எடுத்தால் அவள் ஈரத்தில் கிடப்பாள். எடுக்காவிட்டால் மேடு வரும். வந்தால் முதலில் எங்கள் சுவரில்தான் வரும். திரும்பப் போட்டாலும் வெட்டியது ஒட்டுமா? யாருக்கும் தெரியாமல் கணவரிடம் கொடுத்து மேட்டில் போடச் சொல்லலாமா? இப்படியே எவ்வளவு நேரம் இருந்தேன் என்று தெரியவில்லை. பின்னால் தொப்பென்று ஏதோ விழுந்தது. பெண்கள் கத்தினார்கள். மண்கட்டி ஒன்று கம்பியோடு சேர்ந்து கானுக்குள் வந்திருந்தது.

மகளைத் தோளில் போட்டுக்கொண்டு, துணியைச் சுருட்டி எடுத்து வெளியே போனேன்.

"நான்தாங்க வெட்டினேன்" என்றேன். "புள்ளைக்கு."

ஐந்தாம் காம்பரா அக்கா என் கையில் இருந்ததைப் பார்த்தார். "எங்களுக்கு வெட்டாதீங்கன்னு சொன்னதும் நீதானே?"

"ஆமாங்க அக்கா."

"அவ என்னைய இந்தக் கேள்வி கேக்கிறப்ப உள்ளதான் இருந்த?"

"ஆமாங்க."

அவர் பிள்ளையை வாங்கிக்கொண்டார். "ஏறு. வெட்டினவளே தைக்கட்டும்."

நைலோன் கயிறும் சாக்குத் தைக்கும் ஊசியுமாக வழுக்கி வழுக்கி ஏறினேன். மழைக்குள் முழங்காலில் நின்று வெட்டிய ஓரத்தோடு துண்டைச் சேர்த்துத் தைத்தேன். முன்பு ஒரே துணியாகக் கிடந்த இடத்தில் இப்போது ஓரமும் ஓரமும்தான் முட்டிக்கொண்டு நின்றன. மேலே மழைநீர் இறங்காதபடி படங்கு போர்த்தினோம். தோட்டத்தை மேற்பார்க்கும் கண்டக்கையா வந்து பார்த்து, இது நிற்காது, புதுச் சுருள் வரும்வரை மூன்று, நான்கு, ஐந்தாம் காம்பராக்களில் யாரும் இருக்கக் கூடாது என்றார்.

பதினொரு நாள் மூன்று குடும்பங்களும், பகலில் தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவில் கிடந்தோம். அங்கும் சிமெந்துத் தரைதான். இரண்டாம் நாளே இழுப்பு திரும்பியது. அவளை நெஞ்சில் சாய்த்துக்கொண்டு நான் உட்கார்ந்திருப்பேன். யாரும் என்னைத் திட்டவில்லை. என் கணவர்கூட, "மிச்சத் துண்டுன்னு சொன்னியே" என்று ஒரே ஒரு தடவைதான் சொன்னார்.

சுருள் வந்தது. மேலேயிருந்து கீழே வரை முழுதாக விரித்து அடித்தார்கள். மேடு நின்றது. நாங்கள் அதே காம்பராவுக்குத் திரும்பினோம். போக வேறு இடம் இல்லை. அன்று மாலை முழுவதும் மகளைத் தரையில் விடாமல் மடியிலேயே வைத்துக்கொண்டு, பின்சுவரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். ஈரமாக இருந்தது. எப்போதும் இவ்வளவு ஈரம்தானா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.