கழற்றி வாங்கிய பூட்ஸ்

சுனாமிக்கு அடுத்த கோடையில் எங்கள் ஊருக்கு வந்த கார்களை எண்ணி மாளாது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் கறுப்புக் கண்ணாடி ஏற்றிய வண்டிகள் வரிசையாக நிற்கும். இறங்குகிறவர்கள் ஏதாவது கொடுப்பார்கள். கொடுக்கும்போது படம் எடுத்துக்கொள்வார்கள். எடுத்துக்கொடுத்தவர்களில் நானும் ஒருவன்.

அப்போது மரக்காணம் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் சின்னதாக ஒரு ஸ்டூடியோ வைத்திருந்தேன். பாஸ்போர்ட் சைஸ் படம், கல்யாணம், காதுகுத்து என்று ஓடிக்கொண்டிருந்தது. கூடவே ஒரு நாளிதழுக்கும் படம் அனுப்பினேன். அந்த நாளிதழ் எனக்கு அடையாள அட்டை கொடுத்ததில்லை, வேலைக்கு எடுத்ததாக ஒரு வரி எழுதித் தந்ததும் இல்லை. ஆனால் ஊரில் என்னை 'பேப்பர்காரர்' என்றுதான் கூப்பிடுவார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமை இருந்தது.

கொடுக்க வந்தவர்கள் எல்லாரும் மீனவர் குப்பங்களுக்குத்தான் போனார்கள். உப்பளத்துக்காரர்களை யாரும் கணக்கில் சேர்க்கவில்லை. கடல் உள்ளே வந்து உப்புப் பாத்திகளில் சேற்றை நிரப்பிவிட்டுப் போயிருந்தது. மாதக்கணக்கில் வேலை இல்லை. ஆனால் அவர்களுக்குப் படகு உடையவில்லை, வலை போகவில்லை. அதனால் பாதிக்கப்பட்டவர்கள் இல்லை என்று ஆகிவிட்டது. இந்த நிலையில்தான் மாவட்டத்தில் ஒரு பெரிய மனிதர் உப்பளத்துப் பெண்களுக்கு ரப்பர் பூட்ஸும் கறுப்புக் கண்ணாடியும் கொடுக்கப்போவதாகச் செய்தி வந்தது. அவருக்கு அரிசி ஆலை உண்டு, கல்லூரி உண்டு, ஒரு அறக்கட்டளையும் உண்டு. கட்சி மட்டும் அவ்வப்போது மாறும். கேட்டபோது எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. என் அம்மா உப்பு வாரியவள். அவள் பாதத்து வெடிப்புகளில் எண்ணெய் தடவிவிட்டு வளர்ந்தவன் நான்.

உப்பளத்தை ஒட்டி ஷாமியானா போட்டிருந்தார்கள். பெண்கள் காலையிலேயே வந்து வெயிலில் உட்கார்ந்திருந்தார்கள். பெரிய மனிதர் வெயில் உச்சிக்கு ஏறிய பிறகு வந்தார். விழுப்புரத்திலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் புகைப்படக்காரர்களை வேன் வைத்துக் கூட்டி வந்திருந்தார்கள். அவர்களுக்குத் தனியாகப் பிரியாணிப் பொட்டலம். முன்னால் நின்றவர் எங்கள் மாவட்டப் புகைப்படக்காரர் சங்கத்தின் செயலாளர். பெரிய பத்திரிகையில் நிரந்தர வேலையில் இருப்பவர். கல்யாண வீட்டில் மாப்பிள்ளையையும் பெண்ணையும் நிறுத்துவதுபோல அந்தப் பெண்களை நிறுத்தினார். பூட்ஸைப் போட்டு, கண்ணாடியை மாட்டி, கையில் உப்பை இழுத்துச் சேர்க்கும் வாருபலகையைக் கொடுத்துப் பாத்திக்குள் இறங்கச் சொன்னார். "அக்கா, கொஞ்சம் சிரிங்க" என்றார். சிரித்தார்கள். நடுவில் பெரிய மனிதர் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வரப்பில் நின்றார். எல்லாரும் எடுத்தோம்.

கார் போனது, வேனும் போனது. படத்தின் கீழே போட ஒரு பெண்ணின் பெயர் கேட்டுக்கொண்டு நான் மட்டும் பின்தங்கினேன். அப்போது நாலைந்து ஆட்கள் கோணிப்பைகளோடு வந்து, பூட்ஸையெல்லாம் கழற்றுங்கள் என்றார்கள். அடுத்த ஊரிலும் விழா இருக்கிறதாம், அது முடிந்ததும் எல்லாருக்கும் மொத்தமாகத் தருவார்களாம். பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு வரப்பில் வரிசையாக உட்கார்ந்து இழுக்க ஆரம்பித்தார்கள். சேறும் உப்புநீரும் ஏறிய பூட்ஸ் காலைவிட்டு எளிதில் வராது. ஒரு அக்கா மட்டும் கழற்ற மாட்டேன் என்று நின்றாள். ஒருவன் அவளைத் தோளைப் பிடித்து உட்காரவைத்தான். இன்னொருவன் கணுக்காலைப் பிடித்து இழுத்தான். அவள் மல்லாந்து வரப்பில் சாய்ந்தாள். கண்ணாடி இன்னும் அவள் முகத்திலேயே இருந்தது. அதையும் குனிந்து உருவிக்கொண்டான்.

நான் எடுத்தேன். தொடர்ந்து எடுத்துக்கொண்டே இருந்தேன்.

சத்தம் கேட்டு ஒருவன் திரும்பினான். "ஃபங்ஷன் முடிஞ்சிபோச்சே, இன்னும் இன்னா எடுக்கற?" என்றான். பேப்பர்காரன் என்று சொன்னேன். எந்தப் பேப்பர், கார்டைக் காட்டு என்றான். காட்ட என்னிடம் என்ன இருந்தது? வாரைப் பிடித்து இழுத்துக் கேமராவைப் பிடுங்கினான். அடிப்பான் என்று நினைத்தேன். அடித்தவன் இன்னொருவன், பாத்திக்குள் போய் விழுந்தேன். பிடுங்கியவன் நிதானமாகக் குனிந்து, கேமராவைப் பாத்தியில் உப்புநீருக்குள் அமுக்கிப் பிடித்துக்கொண்டான். குமிழி வருவது நிற்கும்வரை பிடித்திருந்தான். பிறகு என் காலடியில் போட்டுவிட்டுப் போனான். கோணிப்பைகள் ஏறின, வண்டி கிளம்பியது.

என் கண்ணிலும் உப்புநீர் பட்டு எரிந்தது. மல்லாந்து விழுந்த அந்த அக்கா எழுந்து வந்து, குடிக்க வைத்திருந்த குடத்தைச் சாய்த்து என் கண்ணுக்கு ஊற்றினாள். கேமராவுக்கும் ஊற்றினாள். வெறுங்காலோடு நின்றிருந்தாள். "எங்களுக்குத்தான் இது பழக்கம். நீ ஏன் தம்பி மாட்டிக்கின?" என்று கேட்டாள்.

சாயங்காலம் ஸ்டூடியோவில் வைத்துப் பார்த்தபோது, கேமராவின் இடுக்குகளிலெல்லாம் வெள்ளையாக உப்பு பூத்திருந்தது. உயிர் இல்லை. உள்ளிருந்த மெமரி கார்டை மட்டும் துடைத்துக் காயவைத்து, பக்கத்து பிரவுசிங் சென்டரில் போட்டுப் பார்த்தேன். படங்கள் அத்தனையும் இருந்தன. அங்கேயே உட்கார்ந்து நாளிதழுக்கு அனுப்பினேன், நடந்ததையும் எழுதினேன்.

மறுநாள் காலை பேப்பரைப் பிரித்தேன். பெண்கள் பூட்ஸ் போட்டுச் சிரிக்கும் படம் இருந்தது. யாரோ எடுத்தது. உப்பளத் தொழிலாளர்களின் துயர் துடைத்தார் என்று தலைப்பு. ஆபீசுக்கு போன் போட்டேன். செய்தி ஆசிரியர் எரிச்சலோடுதான் பேசினார்.

"உன்னை யாருப்பா அங்க நிக்கச் சொன்னது? ஃபங்ஷன் முடிஞ்சா படமும் முடிஞ்சிது."

அடித்ததைச் சொன்னேன். அதற்கு அவர், போலீசுக்குப் போவதென்றால் தாராளமாகப் போ, ஆனால் எங்கள் பெயரைச் சொல்லாதே, நீ எங்கள் ஆள் கிடையாது என்றார். போலீஸ் ஸ்டேஷனிலோ, பத்திரிகையிலிருந்து கடிதம் வாங்கி வந்தால்தான் பத்திரிகைக்காரர் தாக்கப்பட்டார் என்று எழுத முடியும், இல்லையென்றால் இது இரண்டு பேர் சண்டை என்றார்கள். எனக்கு ஒரு விஷயம் அன்றைக்குத்தான் உறைத்தது. படம் வேண்டியபோது நான் அவர்களுடைய ஆள். அடி வாங்கியபோது யாருடைய ஆளும் இல்லை.

மிச்சம் இருந்தது சங்கம். செயலாளரைப் பார்க்க விழுப்புரம் போனேன். முதலில் தயங்கினார். நிரந்தர வேலையில் இல்லாதவர்களை உறுப்பினராகச் சேர்ப்பதில்லை, இணை உறுப்பினர் என்றுதான் வைத்திருக்கிறோம், ஓட்டு கிடையாது என்று விளக்கினார். ஆனால் உப்பு பூத்த கேமராவை மேசையில் வைத்ததும் அவர் முகம் மாறியது. அதைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தொழில்காரன் முகம் அது, அதை நான் மறுக்க மாட்டேன். கலெக்டர் ஆபீஸ் முன்னால் ஆர்ப்பாட்டம் செய்வோம் என்றார்.

செய்தோம். வாயில் கறுப்புத் துணி கட்டிக்கொண்டு, எல்லாரும் கேமராக்களைக் கழற்றி ரோட்டில் வரிசையாக வைத்தோம். நான் உப்பு பூத்ததை வைத்தேன். போகிற பஸ்ஸெல்லாம் நின்று பார்த்துவிட்டுப் போனது. எனக்காக இத்தனை பேர் கேமராவைக் கீழே வைப்பார்கள் என்று நான் நினைத்ததே இல்லை.

கொஞ்ச நேரத்தில் பெரிய மனிதரின் கார் வந்து மரத்தடியில் நின்றது. செயலாளர் அங்கே போய்ப் பேசினார். திரும்பி வரும்போது வாயிலிருந்த துணியை அவிழ்த்திருந்தார். சிரித்துக்கொண்டே வந்தார்.

"தம்பி, புது கேமரா வாங்கியாந்திருக்காரு. உன்னுதவிட நல்ல மாடல். அவரு கையாலயே குடுக்கறாரு. ஒரு கை குடு, ஒரு படம் எடுத்துடலாம், முடிஞ்சிது."

"கேஸ் போடச் சொல்லிதான அண்ணே வந்தோம்?"

"கேஸ் போட்டா உனக்கு இன்னா கிடைக்கும்? நம்ம ஆளுங்களுக்கு மனைப் பட்டா பேசிக்கினு இருக்கோம். இந்த நேரத்துல இவரு கூட மோதினா அது போச்சு."

அந்தப் பட்டாவில் இணை உறுப்பினர் பெயரும் இருக்கிறதா என்று கேட்டேன். அவர் என் தோளில் கை போட்டு, முதலில் வா என்று இழுத்தார்.

நான் திரும்பிப் பார்த்தேன். ரோட்டில் வைத்திருந்த கேமராக்களை ஒவ்வொருவராகக் குனிந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். தூசு தட்டி, லென்ஸைத் துடைத்து, நல்ல இடம் பிடித்து நின்றார்கள். எடுத்த கேமராவெல்லாம் என்னை நோக்கி. பெரிய மனிதர் பெட்டியை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, படத்துக்கான சிரிப்போடு காத்திருந்தார். அவரிடமிருந்து அத்தர் வாடை அடித்தது. "ஒரு ஸ்டெப் முன்ன வாங்க" என்று என்னிடம் யாரோ சொன்னார்கள். வரப்பில் உட்கார்ந்து காலை நீட்டிய பெண்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று எனக்கு அந்த இடத்தில் தெரிந்தது.

வேண்டாம் என்று சொல்லிவிட்டு நடந்தேன். பின்னாலேயே செயலாளரின் குரல் வந்தது, இவனால் நம் எல்லாருடைய பெயரும் கெடுகிறது என்று. அதற்குப் பின்னால் கேமராக்களின் சத்தம். நான்தான் போய்விட்டேனே, எதை எடுக்கிறார்கள் என்று திரும்பினேன். பெரிய மனிதர் அந்தப் பெட்டியைச் செயலாளரிடமே கொடுத்துக்கொண்டிருந்தார். மறுநாள் அந்தப் படம் வந்தது. புகைப்படக்காரர் சங்கத்துக்குக் கேமரா நன்கொடை. ஆர்ப்பாட்டம் பற்றி ஒரு வரி இல்லை.

அன்று ரோட்டில் என்னுடையதைத் தவிர ஒரே ஒரு கேமரா எடுக்கப்படாமல் இருந்தது. என்னோடு போட்டி போடும் இன்னொரு நாளிதழுக்குப் படம் அனுப்புகிறவருடையது. குயிலாப்பாளையத்துக்காரர். அதற்கு முன் நாங்கள் நல்லபடியாக நாலு வார்த்தை பேசியதில்லை, ஒரே விபத்துக்கு யார் முதலில் போவது என்பதில்தான் எங்கள் உறவே. அவர் வந்து தன்னுடையதையும் என்னுடையதையும் எடுத்துக்கொண்டு என் பின்னால் நடந்தார். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தார். திண்டிவனம் தாண்டியதும் என் கேமராவை என்னிடம் நீட்டினார்.

"எனக்கும் கார்டு கிடையாது. நாளைக்கு எனக்கு நடந்தாலும் இதே பெட்டிதான் வரும்" என்றார்.

வீட்டில் நடந்ததைச் சொன்னபோது என் மனைவி பாராட்டவில்லை. ஸ்டூடியோவை அவள்தான் பாதி நேரம் பார்த்துக்கொள்கிறவள். "வாங்காதது சரிதான். வர்ற முகூர்த்தத்துக்கு எதுல எடுப்பீங்க?" என்று மட்டும் கேட்டாள். அந்த முகூர்த்தத்தைக் குயிலாப்பாளையத்துக்காரரின் பழைய பிலிம் கேமராவில் எடுத்தேன். மாப்பிள்ளை வீட்டார், டிஜிட்டல் இல்லையா என்று முகம் சுளித்தார்கள்.

பூட்ஸ் கழற்றும் படத்தை என்ன செய்வது என்று குயிலாப்பாளையத்துக்காரர்தான் யோசனை சொன்னார். எந்தப் பேப்பரும் போடாது, உப்பளத் தொழிலாளர் சங்கத்திடம் கொடுங்கள் என்றார். கொடுத்தேன். அவர்கள் அதைப் பெரிய பிளெக்ஸாக அடித்து, திண்டிவனத்தில் ஊர்வலமாகத் தூக்கிக்கொண்டு போனார்கள். கணுக்காலைப் பிடித்து இழுக்கும் கை ஆள் உயரத்துக்கு இருந்தது. கடைக்காரர்கள் வெளியே வந்து பார்த்தார்கள். அதற்குள் என்னை அடித்த செய்தியும் ஊருக்கெல்லாம் பரவியிருந்தது. சில நாளில் ஒரு டெம்போ வந்து, ரோட்டோரத்தில் பூட்ஸைக் குவியலாகக் கொட்டிவிட்டுப் போனது. ஊர் ஊராகப் போய் வந்த பூட்ஸ். சேறு காய்ந்து நாறியது. இடது கால் பூட்ஸுக்கு ஜோடியாக இன்னொரு இடதுகால்தான் கிடைத்தது. பெண்கள் குவியலைச் சுற்றி உட்கார்ந்து ஜோடி தேடினார்கள். அந்த அக்கா ஒரு காலில் பெரியதும் ஒரு காலில் சின்னதுமாகப் போட்டு நடந்து பார்த்து, சுற்றியிருந்தவர்களோடு சேர்ந்து சிரித்தாள்.

என் நாளிதழிலிருந்து அன்று போன் வந்தது. பூட்ஸ் மறுபடி வந்திருக்கிறதாமே, பெண்கள் சிரிக்கிற மாதிரி ஒரு படம் அனுப்பு என்றார்கள். இனி உங்களுக்கு அனுப்புவதில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். அவர்கள் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. அடுத்த வாரமே வேறு யாரோ அனுப்ப ஆரம்பித்தார்கள்.

பிறகு கார்டு இல்லாதவர்களெல்லாம் என் ஸ்டூடியோவில் கூடினோம். வானூர், திண்டிவனம், கடற்கரை ஊர்கள் எல்லாவற்றிலிருந்தும் வந்தார்கள். பாதிப் பேர் கல்யாண வேலைக்கு நேரமாகிறது என்று நடுவிலேயே கிளம்பினார்கள். ஒருவருக்கு நேர்ந்தால் எல்லாரும் அன்றைக்கே அந்த ஸ்டேஷனுக்குப் போவது, கொடுக்கிற எதையும் வாங்குவதில்லை. இந்த இரண்டைத் தவிர வேறு எதிலும் எங்களுக்குள் ஒத்துப்போகவில்லை. செயலாளர் எங்களைப் போலிப் பத்திரிகையாளர்கள் என்று சொல்லிக்கொண்டு திரிந்தார்.

2006 தேர்தல் பிரச்சாரத்தில் எங்களில் ஒருவரைக் கட்சிக்காரர்கள் தள்ளிவிட்டதில் அவருடைய மணிக்கட்டு உடைந்தது. எல்லாரும் ஸ்டேஷனுக்குப் போனோம். இன்ஸ்பெக்டர் வழக்கம்போலக் கடிதம் கேட்டார். குயிலாப்பாளையத்துக்காரர், கை உடைந்ததற்குப் பத்திரிகைக் கடிதம் எதற்கு சார், ஆஸ்பத்திரி சீட்டு போதாதா என்று கேட்டார். டீ வரவழைத்தார்கள், யாரும் எடுக்கவில்லை. இருட்டுவதற்குள் புகாரைப் பதிவு செய்தார்கள். தள்ளிவிட்டவர்களுக்குத் தண்டனை ஒன்றும் கிடைத்துவிடவில்லை. ஆனால் அடுத்த கூட்டத்தில் அதே ஆட்கள் எங்களைப் பார்த்து ஒதுங்கி வழிவிட்டார்கள். உடைந்த கைக்காரர் கட்டோடு வந்து, ஒரு கையாலேயே எடுத்தார். அவருக்கு நான் லென்ஸ் மாற்றிக் கொடுத்தேன்.