சம்மட்டி கட்டிய ஆம்ப்ளிஃபயர்

பஸ் பாடி கட்டும் பட்டறையில் அவனுக்குச் சம்மட்டி என்று பெயர். சிலருக்கு மூக்கு நுனியில் கோபம் இருக்கும். இவனுக்கு அது முஷ்டியிலேயே குடியிருந்தது. மேஸ்திரியைச் செவிட்டில் அறைந்திருக்கிறான். பக்கத்து வீட்டுக்காரனைச் சைக்கிளோடு தூக்கிச் சாக்கடையில் போட்டிருக்கிறான். மனைவியை மட்டும் தொட்டதில்லையாம், அதைப் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொள்வான். பெரிய சாதனைதான்!

இந்த முரடனுக்குப் பாட்டென்றால் உயிர். மனைவியின் தம்பி வைத்திருந்த எலக்ட்ரானிக்ஸ் கடையில் சாமான் வாங்கி, வீட்டிலேயே ஒரு ஆம்ப்ளிஃபயர் கட்டினான். ஸ்விட்சைப் போட்டதும் டப்பென்று ஃப்யூஸ் போனது. மாற்றினான், போனது. டிரான்சிஸ்டர்களைப் புதிதாக வாங்கி வந்து இறுக்கினான், அப்போதும் டப். மேசையை எட்டி உதைத்துவிட்டு மச்சினன் கடைக்குப் போனான்.

"போலிச் சரக்கை என் தலையிலேயே கட்டுறியா?"

"சத்தியமா ஒரிஜினல் மாமா. நீங்க மாட்டினதுலதான் ஏதோ..."

சம்மட்டி முடிக்க விடவில்லை. பின்கழுத்தைப் பிடித்து அவன் முகத்தைக் கண்ணாடி மேசையில் மோதினான். கண்ணாடி நொறுங்கியது. கீழே விழுந்தவனை மிதித்தான், அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள் நாலு பேர் வந்து இழுக்கும்வரை மிதித்தான். ஆஸ்பத்திரியில் உடைந்த தாடைக்குக் கம்பி போட்டு, வாய் திறக்க முடியாதபடி மேலே துணிக் கட்டும் கட்டினார்கள். அப்படியும் போலீஸ் வேண்டாமென்று தலையை ஆட்டினானாம் மச்சினன், அக்கா வாழ்க்கைக்காக.

தம்பியைப் பார்த்துவிட்டு வந்தவள் அழவில்லை. புடவைகளைப் பையில் திணித்துக்கொண்டு வந்து எதிரில் நின்றாள்.

"அவன் போலிச் சரக்கு குடுத்திருந்தா, நீங்க அடிச்சதைப் பொறுத்துக்கறேன். நல்ல சரக்குன்னா இப்பவே கிளம்பறேன், திரும்பி வர மாட்டேன். நீங்க முரடர்தான், ஆனா பொய் சொன்னதில்ல. பாத்துச் சொல்லுங்க."

அவள் வாசலில் போய் உட்கார்ந்தாள். சம்மட்டி மின்கம்பியின் நடுவில் ஒரு பல்பைக் கோத்தான். உள்ளே எங்காவது ஷார்ட் இருந்தால் பல்பு பிரகாசமாக எரியும், இல்லையென்றால் மங்கிவிடும். பல்பு கண்ணைக் கூசவைத்தது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஒரு டிரான்சிஸ்டரின் திருகாணியைத் தளர்த்தினான். மறுபடி செருகியதும் பல்பு மங்கியது.

ஷார்ட் அங்கேதான். பிளக்கைப் பிடுங்கி, அந்த டிரான்சிஸ்டரைத் தூக்கிப் பார்த்தான். அதற்கும் சூடு தணிக்கும் அலுமினியத் தகட்டுக்கும் நடுவில் மின்சாரம் பாயாமல் தடுக்க வைக்கும் மைக்கா, வெங்காயச் சருகு கனம்தான் இருக்கும், திருகாணியைச் சுற்றிக் கிழிந்து கிடந்தது. பஸ்ஸுக்கு நட்டு முறுக்குகிற கை அல்லவா, இதையும் அப்படியே முறுக்கியிருந்தது. டிரான்சிஸ்டரில் ஒரு குறையும் இல்லை.

"என்னங்க ஆச்சு?" கதவருகில் நின்று கேட்டாள்.

மைக்காவைக் கைக்குள் கசக்கினான். எவனுக்கும் பயப்படாதவன் இப்போது பயந்தான். அவள் இல்லாத வீட்டை அவனால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

"போலிதான்" என்றான்.

அவள் பையைக் கீழே போட்டாள். செருப்பைக்கூட மாட்டாமல் விடுவிடுவென்று நடந்தாள். எங்கே போகிறாள் என்று புரிந்து சம்மட்டி பின்னாலேயே ஓடினான்.

ஆஸ்பத்திரியில் அக்காவைப் பார்த்ததும் தம்பி, கம்பிக் கட்டோடு சிரிக்கப் பார்த்தான். அந்தக் கட்டின் மேலேயே அறைந்தாள்.

"கூடப் பொறந்தவளையே ஏமாத்துவியா? உன்னாலதானேடா இத்தனையும்!"

மறுபடி அறைந்தாள். கட்டு நனைந்து சிவந்தது. அவன் ஏதோ சொல்லத் தவித்தான். கம்பிகளுக்கிடையில் எச்சிலும் ரத்தமும்தான் வந்தன. கண்கள் அவள் தோளைத் தாண்டிச் சம்மட்டியையே பார்த்தன. ஒரு வார்த்தை போதும். சம்மட்டி வாயைத் திறக்கவில்லை. நர்ஸ்தான் ஓடிவந்து அவள் கையைப் பிடித்தாள்.

வீட்டுக்கு வந்ததும், வீங்கிய கையாலேயே அவனுக்குச் சோறு போட்டாள்.

"நீங்க அடிச்சது பத்தாதுங்க" என்றாள்.

சம்மட்டி தலை நிமிராமல் சாப்பிட்டான்.